பொம்மைக்குக் காவல் உண்டு, அதைச் செய்தவளுக்கு?

வீட்டுக் கூடத்திலே குழந்தை விளையாடுகிறது. கையிலே ஒரு கரடிப் பொம்மை. கட்டிப் பிடிக்கிறது, கன்னத்தோடு சேர்த்துக் கொஞ்சுகிறது, கோபம் வந்தால் காதைப் பிடித்துத் தூக்கி எறிகிறது, பிறகு அதுவே ஓடிப்போய் எடுத்து வருகிறது. பொம்மையின் கண்ணைப் பிடுங்கப் பார்க்கிறது. வரவில்லை. பல்லால் கடித்து இழுக்கிறது. அப்போதும் வரவில்லை.

ஏன் வரவில்லை? குழந்தைக்கு வலிமை இல்லாததாலா? இல்லை. அந்தக் கண்ணை வேறொருவர் முன்பே இழுத்துப் பார்த்திருக்கிறார்! கை கொண்டு அல்ல, கருவி கொண்டு. ஐரோப்பியச் சந்தைக்குப் போகும் பொம்மையின் கண், ஏறத்தாழ 9 கிலோ எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு இழுக்குமோ அவ்வளவு இழுப்பையும் தாங்கவேண்டும். தாங்காவிட்டால் அந்தப் பொம்மை கடைக்கு வராது. அமெரிக்காவிலே, 3 வயது நிறையாத குழந்தைக்கு விற்கும் விளையாட்டுச் சாமானின் எந்தத் துண்டும், ஒண்ணேகால் அங்குல விட்டமுள்ள ஒரு சிறு உருளைக்குள் முழுதும் அடங்கிவிடக் கூடாது. அந்த உருளை குழந்தையின் தொண்டைக்கு அளவு. துண்டு அதிலே அடங்கினால் தொண்டையிலே அடைக்கும் என்று பொருள்.

இன்னும் கேளுங்கள். தைத்து முடித்த பொம்மைகள் வரிசையாக ஓர் இயந்திரத்தின் ஊடே போகும். உலோகம் இருந்தால் அந்த இயந்திரம் கண்டுபிடித்துவிடும். எதற்காக? தைக்கும்போது ஊசி முனை ஒடிந்து பஞ்சுக்குள்ளே தங்கியிருக்கலாம். அது எங்கோ ஒரு குழந்தையின் விரலிலே குத்திவிடக் கூடாதே, அதற்காக.

நல்ல ஏற்பாடு. வரவேற்கவேண்டிய ஏற்பாடு. குழந்தையைக் காக்கச் செய்யும் எதையும் நாம் குறை கூறப் போவதில்லை.

நாம் கேட்பது ஒன்றே ஒன்று. ஊசி ஒடிந்தது, சரி. ஒடிந்த ஊசி பொம்மைக்குள் போயிற்றா என்று பார்க்க இயந்திரம் இருக்கிறது. அது தைத்தவளின் விரலிலே ஏறிற்றா என்று பார்க்க யார் இருக்கிறார்கள்?

பெரிய பொம்மை நிறுவனம் ஒன்றிலே வேலை பார்ப்பது எப்படி இருக்கும் என்று கேட்டால், பதில் ஒன்றல்ல, இரண்டு. எந்த வாயில் வழியாக உள்ளே போகிறோம் என்பதைப் பொறுத்தது அது.

ஒரு வாயில், பொம்மையை எண்ணிப் பார்த்து வரைகிறவர்களின் வாயில். அமெரிக்காவிலே நியூயார்க் மாநிலத்தில் ஈஸ்ட் அரோரா என்று ஓர் ஊர். ஃபிஷர்-பிரைஸ் என்ற பெரிய பொம்மை நிறுவனம் 1961-இல் தன் விளையாட்டு ஆய்வுக்கூடத்தை நிறுவியது. குழந்தைகளை வரவழைத்து விளையாடவிட்டு, எதை எடுக்கிறார்கள், எதை எறிகிறார்கள், எதனோடு நெடுநேரம் இருக்கிறார்கள் என்று கவனித்துக் குறித்துக்கொள்வது அங்கே வேலை. விளையாட்டைப் பார்ப்பதற்குச் சம்பளம்! இதைவிட இனிய தொழில் எது?

மற்றொரு வாயில், பொம்மையைச் செய்கிறவர்களின் வாயில். நெடிய கூடம். வரிசை வரிசையாகத் தையல் இயந்திரங்கள். ஒருத்தி துணியை வெட்டுவாள். ஒருத்தி காதை மட்டும் தைப்பாள். ஒருத்தி பஞ்சடைப்பாள். ஒருத்தி கண்ணைப் பொருத்துவாள். பிளாஸ்டிக் பொம்மையானால், மொட்டைத் தலையிலே நைலான் முடியை இயந்திரத்தால் நட்டுக்கொண்டே இருப்பாள் ஒருத்தி. உதட்டுக்குச் சாயம் தெளித்துக்கொண்டே இருப்பாள் மற்றொருத்தி. காலையிலே காது, மாலையிலே காது, நாளைக்கும் காது. முழுக் கரடியை அவள் செய்வதே இல்லை. ஆயிரம் பொம்மைகளின் புன்னகையை எழுதியவளுக்குப் புன்னகைக்க நேரமில்லை. ஏன் என்றால், கணக்கு இருக்கிறது. மணிக்கு இத்தனை உருப்படி என்று கணக்கு.

இந்த இரண்டு வாயில்களும் ஒரே கட்டடத்தில் இல்லை, தோழர்களே! ஒரே நாட்டிலும் இல்லை. பெரும்பாலும் ஒரே நிறுவனத்திலும் இல்லை. கதையின் முடிச்சு அங்கேதான்.

பார்பி என்ற பொம்மையை அறியாத பெண்குழந்தை இன்று அரிது. மாட்டெல் என்ற அமெரிக்க நிறுவனம் 1959 மார்ச் 9-இல் நியூயார்க்கில் அதை அரங்கேற்றியது. பெயர் அமெரிக்கப் பெயர். முகம் அமெரிக்க முகம். ஆனால் அது பிறந்த இடம் ஜப்பான். அதன் சின்னஞ்சிறு உடுப்புகளை ஜப்பானியப் பெண்கள் தம் வீடுகளில் உட்கார்ந்து தைத்துக் கொடுத்தார்கள். அன்று ஜப்பானிலே கூலி குறைவு. ஜப்பானிலே கூலி உயர்ந்தது. வேலை ஹாங்காங்குக்கும் தைவானுக்கும் பெயர்ந்தது. அங்கும் உயர்ந்தது, தாய்லாந்துக்கும் சீனாவுக்கும் பெயர்ந்தது. அமெரிக்க மண்ணில் மாட்டெலுக்கு மிஞ்சியிருந்த கடைசி ஆலை கென்டக்கி மாநிலத்து மர்ரே நகரில் இருந்தது. அதுவும் 2002-இல் மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் செய்த பொம்மை கப்பலேறி வரத் தொடங்கியது.

கூலி குறைந்த இடத்தைத் தேடி வேலை போகிறது. போகட்டும். போகிற இடத்தில் உள்ளவருக்கும் வயிறு இருக்கிறது, வேலை வேண்டும். ஆனால் கூலியோடு சேர்த்து வேறொன்றும் அல்லவா குறைந்துபோயிற்று! அது என்ன?

1993 மே 10. தாய்லாந்து. பாங்காக் நகருக்கு மேற்கே நகோன் பதோம் மாகாணம். ஹாங்காங்கைத் தலைமையிடமாகக் கொண்ட கேடர் குழுமத்தின் பொம்மை ஆலை. பஞ்சுப் பொம்மைகளும் பிளாஸ்டிக் பொம்மைகளும் செய்து அமெரிக்காவுக்கும் மற்ற நாடுகளுக்கும் அனுப்பிய ஆலை அது. புகழ்பெற்ற பெரிய பெரிய பொம்மை நிறுவனங்களின் சரக்கு அங்கே உருவாயிற்று. ஆனால் ஆலை வாயிலில் அந்தப் பெயர்கள் இல்லை.

மாலை 4 மணி இருக்கும். நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில், முடித்த சரக்கைக் குவித்து வைத்திருந்த பகுதியில் தீப்பிடித்தது. பஞ்சு, துணி, பிளாஸ்டிக். தீக்கு இதைவிட விருந்து வேண்டுமா? மேல்மாடிகளில் பெண்கள் தைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கட்டடத்தில் எச்சரிக்கை மணி ஒலிக்கவில்லை. சிறு தீதான், வேலையைப் பாருங்கள் என்று சொல்லப்பட்டதாக உயிர் தப்பியவர்கள் கூறினார்கள். வாயில்கள் பூட்டிக் கிடந்ததாகவும் கூறினார்கள். வரைபடத்தில் காட்டிய அவசர வழிகள் கட்டடத்தில் கட்டப்படவே இல்லை. கூட்டம் மாடிப்படியில் நெருக்கியது. படியிலே புகை ஏறி வந்தது. சன்னல் வழியே குதித்தார்கள்: இரண்டாம் மாடியிலிருந்து, மூன்றாம் மாடியிலிருந்து, நான்காம் மாடியிலிருந்தும்!

கட்டடத்தைத் தாங்கி நின்றவை இரும்புத் தூண்கள். தீயின் வெப்பம் தாக்காதபடி தூணுக்குப் பூசவேண்டிய காப்புப் பூச்சு இல்லை. இரும்பு சூடேறித் துவண்டது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கட்டடம் முழுதும் சரிந்து விழுந்தது, உள்ளே இருந்தவர்கள் மேலேயே.

மாண்டவர்கள் 188 பேர். அவர்களில் 174 பேர் பெண்கள். காயமுற்றவர்கள் 400-க்கும் மேல். பெரும்பாலோர் நாட்டுப்புறத்துப் பெண்கள். வயலில் விளையாததைத் தையல் இயந்திரத்திலே விளைவித்து ஊருக்குப் பணம் அனுப்ப வந்தவர்கள்.

ஒரு செய்தியைக் கவனியுங்கள். பக்கத்துக் கட்டடங்களுக்கும் தீ பரவியது, அவையும் சரிந்தன. ஆனால் அங்கே எச்சரிக்கை மணி ஒலித்தது, இருந்தவர்கள் வெளியே ஓடிவந்தார்கள், பிழைத்தார்கள். மணி ஒலித்த இடத்தில் உயிர். மணி ஒலிக்காத இடத்தில் சாவு. ஒரு மணியின் விலை என்ன? அதுதான் அன்று 188 உயிர்களின் விலையாயிற்று.

அந்தத் துயரம் ஆறுமுன்பே, அதே 1993-ஆம் ஆண்டு நவம்பர் 19-இல், சீனாவில் ஷென்ஜென் நகரில் ஜிலி என்ற பொம்மை ஆலை பற்றி எரிந்தது. இத்தாலியிலே விற்பதற்கான சரக்கு அங்கே தயாராகி வந்தது. சன்னல்களுக்குக் கம்பி; வாயில்களுக்குப் பூட்டு. 87 பேர் மாண்டார்கள். இங்கும் பெரும்பாலோர் தொலைவிலிருந்து வந்த இளம் பெண்கள்.

அந்த இடிபாட்டிலே பின்னர் கடிதங்கள் கிடைத்தன. அப்பெண்களுக்கு ஊரிலிருந்தும், மற்ற ஆலைகளில் வேலை பார்த்த தோழிகளிடமிருந்தும் வந்த கடிதங்கள். ஆய்வாளர்கள் அவற்றைப் படித்து நூல் வழியே உலகுக்குச் சொன்னார்கள். என்ன இருந்தது அவற்றில்? புரட்சி முழக்கமா? இல்லை. கூலி இன்னும் வரவில்லை; உன் ஆலையிலே எவ்வளவு தருகிறார்கள்; இரவு வேலை தாங்க முடியவில்லை; வேறு ஆலையில் இடம் இருந்தால் சொல்; வீட்டு நினைவாகவே இருக்கிறது. இவைதாம்! பெரிய பொம்மைத் தொழிலில் வேலை பார்ப்பது எப்படி இருக்கும் என்று கேட்டோமே, அதற்கு அந்தக் கடிதங்களைவிட உண்மையான விடை ஏது?

“தெரியாமல் நடந்துவிட்டது” என்பார்கள் சிலர். தெரியாமலா? 1911 மார்ச் 25-இல் நியூயார்க் நகரத்திலே டிரையாங்கிள் என்ற தையல் ஆலை எரிந்தது. பெண்களுக்கான மேற்சட்டை தைத்த ஆலை. அங்கும் கதவு பூட்டியிருந்தது. தொழிலாளிகள் துணியைத் திருடிக்கொண்டு போய்விடுவார்களாம்! 146 பேர் மாண்டார்கள். அதன் பிறகு அமெரிக்கா விழித்தது. கதவு பூட்டக் கூடாது, வழி அகலமாக இருக்கவேண்டும், தீப் பயிற்சி தரவேண்டும் என்று சட்டங்கள் வந்தன. ஆகவே 1993-க்கு 82 ஆண்டுகளுக்கு முன்பே உலகுக்குப் பாடம் சொல்லப்பட்டாயிற்று. பாடம் நியூயார்க்கிலே தங்கிவிட்டது. பொம்மை மட்டும் கப்பலேறிக் கடல் கடந்தது! கூலியோடு சேர்ந்து குறைந்து போனது எது என்று கேட்டோம் அல்லவா? இதுதான் அது. திறந்திருக்கவேண்டிய கதவு.

மறுப்புரைப்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதையும் கேட்போம்.

“அந்த வேலையும் இல்லாவிட்டால் அந்தப் பெண்கள் என்ன செய்வார்கள்? ஊரிலே வறுமை, ஆலையிலே கூலி. அவர்கள் விரும்பித்தானே வந்தார்கள்?” என்கிறார்கள். உண்மைதான், விரும்பித்தான் வந்தார்கள். வேலை செய்ய விரும்பி வந்தார்கள். வேக விரும்பி வந்தார்களா? வேலை கொடுப்பது ஒன்று. வாயிலைப் பூட்டுவது வேறொன்று. கதவைத் திறந்து வைத்தால் எந்த ஆலையும் நட்டப்பட்டுப் போய்விடாது.

“இப்போது நிலைமை மாறிவிட்டது, நிறுவனங்கள் நடத்தை விதிகள் வகுத்துள்ளன” என்கிறார்கள். அதுவும் பொய்யல்ல. அந்தத் தீக்களுக்குப் பிறகு பொம்மைத் தொழிலதிபர்களின் உலக அமைப்பு விதிகள் வகுத்தது. மாட்டெல் 1997-இல் தனக்கென்று விதிகளை வெளியிட்டது. தணிக்கையாளர்கள் ஆலைகளுக்குப் போகிறார்கள், படிக்கட்டை அளக்கிறார்கள், தீயணைப்புக் கருவியைப் பார்க்கிறார்கள். பல ஆலைகளில் நிலைமை முன்னைவிட மேல் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் முழுக் கதை அதுவல்ல. மேல்நாட்டுக் குழந்தைகள் பொம்மை வாங்குவது கிறிஸ்துமஸுக்கு. ஆகவே கோடையிலும் இலையுதிர் காலத்திலும் ஆலைகளில் நெருக்கடி. அவசரமாக ஆள் எடுப்பார்கள். இரவும் பகலும் ஓட்டுவார்கள். சரக்கு கப்பலேறியதும் ஆளைக் குறைப்பார்கள். சீனச் சட்டப்படி மிகைநேர வேலை மாதத்துக்கு 36 மணிக்கு மேல் கூடாது. ஆனால் பொம்மை ஆலைகளுக்குள்ளே போய்ப் பார்த்து அறிக்கை எழுதிய தொழிலாளர் நலக் குழுக்கள், நெருக்கடிக் காலத்தில் அது 100 மணியையும் தாண்டியதை ஆண்டுக்கு ஆண்டு எடுத்துக் காட்டியுள்ளன. விதி சுவரிலே ஒட்டியிருக்கிறது. வேலை இயந்திரத்திலே ஓடுகிறது. இதற்குக் காரணம் ஆலை முதலாளி மட்டுமா? விலையைக் குறை, நாளைக் குறை என்று நெருக்குகிறவர் யார்? சரக்கு கேட்கும் பெரிய நிறுவனம் அல்லவா? நெருக்கும்போது, “அது எங்கள் சரக்கு” என்கிறது. விபத்து நேர்ந்தால், “அது எங்கள் ஆலை அல்ல” என்கிறது!

ஒரு நிறுவனம் மனம் வைத்தால், நாடுகள் மனம் வைத்தால், எவ்வளவு விரைவாகக் காரியம் நடக்கும் என்பதற்குச் சான்று வேண்டுமா? 2007-ஆம் ஆண்டைப் பாருங்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில், சீன ஆலை ஒன்றில் செய்த ஏறத்தாழ 15 லட்சம் ஃபிஷர்-பிரைஸ் பொம்மைகளைத் திரும்பப் பெறுவதாக மாட்டெல் அறிவித்தது. பொம்மையின் சாயத்திலே ஈயம்! குழந்தை வாயில் வைத்தால் மூளைக்குக் கேடு. அமெரிக்கப் பெற்றோர் கொதித்தெழுந்தனர், ஏடுகள் எழுதின, நாடாளுமன்றம் விசாரித்தது, 2008 ஆகஸ்டில் புதுச் சட்டமே வந்துவிட்டது. ஓராண்டு! ஒரே ஓராண்டு!

வரவேற்கிறோம். ஆனால் அந்த ஆரவாரத்திலே ஒரு கேள்வி எழவில்லையே, ஏன்? பொம்மையின் மேல் பூசிய மெல்லிய சாயமே குழந்தைக்கு நஞ்சு என்றால், அந்தச் சாயத்தை நாள் முழுதும் தெளித்தவளுக்கு, மூக்கிலே ஏற்றியவளுக்கு, விரலிலே படிய விட்டவளுக்கு அது என்ன அமுதமா? பொம்மைகளைத் திரும்ப அழைத்தார்கள். தெளித்த பெண்களை அழைத்து இரத்தம் சோதிக்கவேண்டும் என்று அந்த நாடாளுமன்றத்திலே யார் மேசையைத் தட்டினார்கள்?

வேறு வழியே இல்லை என்று எண்ணவேண்டாம். டென்மார்க்கிலே பில்லுண்ட் என்ற சிற்றூர். ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் 1932-இல் மரப் பொம்மை செய்யத் தொடங்கினார். 1934-இல் தம் தொழிலுக்கு ‘லெகோ’ என்று பெயரிட்டார். நன்றாக விளையாடு என்று அவர்கள் மொழியில் பொருள்படும் சொற்களின் சுருக்கம் அது. ஒருநாள் அவர் மகன் காட்ஃபிரெட் பெருமையோடு வந்து சொன்னார்: “அப்பா, இன்று மர வாத்துகளுக்கு மூன்று முறை மெருகு பூசவில்லை, இரண்டே முறைதான். நமக்குக் காசு மிச்சம்.” தந்தை பாராட்டவில்லை. ரயில் நிலையத்துக்குப் போய் அந்தப் பெட்டிகளைத் திருப்பிக் கொண்டுவரச் சொன்னார்; மூன்றாம் பூச்சையும் பூசிமுடிக்கச் சொன்னார். உதவிக்கு ஆள் இல்லை. இரவெல்லாம் மகனே தனியாக உட்கார்ந்து பூசினாராம்.

இன்றைக்கு அது உலகின் மிகப் பெரிய பொம்மை நிறுவனங்களில் ஒன்று. 2006-இல் தன் உற்பத்தியின் பெரும் பகுதியை வெளியாரிடம் ஒப்படைத்துப் பார்த்தது. இரண்டே ஆண்டில் அந்த ஏற்பாட்டை விட்டுத் தானே எடுத்துக்கொண்டது. ஹங்கேரியிலும் செக் நாட்டிலும் மெக்சிகோவிலும் சீனாவிலும் தன் பெயரைத் தாங்கிய ஆலைகளையே நடத்துகிறது. அங்கே எல்லாம் தேன் என்று சொல்லவரவில்லை. 2017-இல் 1,400 பேரைக் குறைப்பதாக அதுவும் அறிவித்ததுதான். ஆனால் ஒன்று தெளிவாகிறது. வாயிலிலே தன் பெயரை எழுதிக்கொண்டவன், அந்த வாயிலைப் பூட்டத் தயங்குவான். பூட்டினால் யாரைக் கேட்பது என்று உலகுக்குத் தெரியும்.

மூன்றாம் பூச்சு பொம்மைக்கு அழகு. அதை மிச்சம் பிடித்ததே பிழை என்றார் அந்தத் தச்சர். தூணுக்குப் பூசவேண்டிய தீக் காப்புப் பூச்சு மனிதருக்கு உயிர். அதை மிச்சம் பிடித்தவர்களை என்னவென்று சொல்வது?

தாய்லாந்துத் தொழிலாளர்கள் அழுது ஓயவில்லை. மாண்டவர்களின் குடும்பத்தாரும் தொழிற்சங்கத்தாரும் இழப்பீட்டுக்காகப் போராடினார்கள். 1997-இல் அந்நாட்டு அரசு மே 10-ஐத் தேசியத் தொழிற் பாதுகாப்பு நாளாக அறிவித்தது. அதோடும் அவர்கள் நிற்கவில்லை, தொடர்ந்து கேட்டார்கள், 2011-இல் தொழிற் பாதுகாப்புக்கென்று தனிச் சட்டம் வந்தது. ஈயச் சாயத்துக்கு ஓராண்டில் சட்டம்; 188 உயிர்களுக்குப் பதினெட்டு ஆண்டில் சட்டம்! 2022-இல் உலகத் தொழிலாளர் அமைப்பு, பாதுகாப்பான பணியிடம் என்பதைத் தொழிலாளியின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. தாமதம்தான், ஆனாலும் வந்தது. போராடாமல் வரவில்லை என்பதை மறக்கவேண்டாம்.

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். குழந்தையின் கையிலிருக்கும் பொம்மையைப் பிடுங்கி எறியவேண்டாம். எறிந்தால் குழந்தை அழும். தைத்தவளும் வேலையிழந்து அழுவாள். நாம் கேட்கவேண்டியது இதுதான்: பொம்மையின் கண்ணை இழுத்துப் பார்க்கும் அதே கண்டிப்போடு, ஆலையின் கதவையும் இழுத்துப் பாருங்கள், திறக்கிறதா என்று. ஒடிந்த ஊசியைத் தேடும் அதே அக்கறையோடு, மிகைநேரக் கணக்கையும் தேடுங்கள். பொம்மையின் மேல் பெயரை அச்சிடும் நிறுவனமே, அது பிறந்த ஆலைக்கும் பொறுப்பேற்கட்டும். கதவு பூட்டிய ஆலையின் சரக்கும், கண் கழன்ற பொம்மையைப் போலவே, கடைக்கு வரக்கூடாது என்று சட்டம் சொல்லட்டும்.

கூடத்திலே குழந்தை உறங்கிவிட்டது. கரடி அதன் அணைப்பிலே இருக்கிறது. அந்தக் கண் கழன்று விழாது; உறுதியாகத் தைத்திருக்கிறாள் ஒருத்தி. அவள் குழந்தை எந்த ஊரிலே, யார் மடியிலே உறங்குகிறதோ! வேலை முடிந்து அவள் உயிரோடு வீடு திரும்பவேண்டும். அதற்கும் யாரேனும் உறுதி சொல்லவேண்டாமா?